ஷெல்டர் நான்குக்கு எவ்வளவு தூரம்

சோல் 311. காலை 10:15

மூன்றாம் கண்காணிப்பு நிலையம், செவ்வாய். (சோல் என்பது செவ்வாயின் ஒரு நாள்.) பதிபவர்: மங்கையர்க்கரசி, புள்ளியியல் ஆய்வாளர். நிலையத்தில் இருப்பது நான் ஒருத்திதான்.

வெளியே மைனஸ் ஐம்பத்தெட்டு. மின்கலங்கள் சரி. காற்று சரி. சூரிய வெடிப்பில் படுத்த தலைமை முகாமின் வழிகாட்டிக் கணினி இன்னும் எழவில்லை. வரைபடம், தூரம், பாதை எல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ரேடியோ மட்டும் ஓடுகிறது. களத்தில் இருப்பவர்கள் முகாமோடு பேசுவதென்றாலும் தங்களுக்குள் பேசுவதென்றாலும் என் கோபுரம் வழியாகத்தான்.

இன்றைய வேலை: பனித் திட்டு ஒவ்வொன்றிலிருந்தும் மிக அருகிலுள்ள நில விரிசல் எவ்வளவு தூரம் என்று கணக்கிடுவது. முகாம் கணினி இல்லாததால் என் சொந்த மடிக்கணினியில், சொந்தப் புள்ளியியல் மென்பொருளில் போடுகிறேன். முனைவர் பட்டத்துக்காக ராமநாதபுரத்துக் கண்மாய்களுக்கும் ஊர்களுக்கும் இடையே தூரம் கணக்கிட எழுதிய ஸ்க்ரிப்ட் இன்னும் கையில் இருக்கிறது. கண்மாய் இருந்த இடத்தில் பனித் திட்டைப் போட்டேன், ஊர் இருந்த இடத்தில் விரிசலை. ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல் ஓடியது. கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

களத்தில் ஒரு ரோவர் வண்டி, இரண்டு பேர். நிலவியலாளர் செய்யது மீரான், காயல்பட்டினத்துக்காரர். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் மீரான் காக்கா என்றே கூப்பிடுகிறோம். வண்டிப் பொறியாளர் ஜெபக்கனி, நாசரேத்துக்காரி. பயிற்சிக் காலத்திலிருந்து என் தோழி.

சோல் 311. பிற்பகல் 2:40

ரோவர் பள்ளத்தின் விளிம்பில் சறுக்கி உருண்டுவிட்டது. இருவருக்கும் பெரிய அடி இல்லை. வண்டி இனி நகராது. ஆக்ஸிஜன் தொட்டி கிழிந்துவிட்டது. கேபினுக்குள் இருக்கும் காற்றும், ஆளுக்கொரு விண்வெளி சூட்டில் இருக்கும் ஏழு மணி நேரக் காற்றும்தான் மிச்சம். சூட்டை அங்கே நிரப்பிக்கொள்ள வழியில்லை.

தலைமை முகாமிலிருந்து துரைக்கண்ணு சார்:

"மங்கை, அவங்களுக்குப் பக்கத்துல இருக்கறது ஷெல்டர் நாலு. அங்க காத்து, தண்ணி எல்லாம் இருக்கு. நடந்து போயிடலாமா? இங்க கணினி செத்துக் கிடக்கு. தூரம் நீதான் சொல்லணும்."

ரோவர் கடைசியாக அனுப்பிய இடக்குறிப்பு, அட்சரேகையும் தீர்க்கரேகையும் டிகிரியில், என்னிடம் இருக்கிறது. ஷெல்டரின் இடக்குறிப்பும் அட்டவணையில் இருக்கிறது. போடுகிறேன்.

சோல் 311. பிற்பகல் 3:05

23.3 கிலோமீட்டர்.

கல்லும் பள்ளமுமான அந்த நிலத்தில், சூட்டோடு மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்கலாம். ஏழு மணி நேரத்தில் பதினான்கு. நடந்தால் வழியிலேயே முடிந்துவிடும்.

சொல்லிவிட்டேன். "நடக்க வேண்டாம். வண்டிக்குள்ளேயே இருங்க."

கேபின் காற்று இருவருக்கு நாளை மாலை வரை வரும். மீட்பு வண்டி நாளை மதியம் போய்ச் சேரும். போதும்.

சோல் 311. மாலை 4:30

மீரான் காக்கா கூப்பிட்டார்.

"மங்கை, ஷெல்டருக்குப் பின்னாடி ரெட்டை மேடு ஒண்ணு இருக்குல்ல? அது இங்கேருந்து நல்லாத் தெரியுதும்மா. பாறை அடுக்கைக்கூடப் பிரிச்சுப் பாக்க முடியுது. இருபத்து மூணு கிலோமீட்டர் மாதிரி தெரியலையே."

"இங்க காத்து மெலிசு காக்கா. தூரத்துல இருக்கறதும் கிட்டத்துல இருக்கற மாதிரிதான் காட்டும். கண்ணை நம்பாதீங்க, கணக்கை நம்புங்க."

சிரித்தார். "சரிம்மா. நீ சொன்னா சரி."

நான் எண் சொன்னால் இங்கே யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

சோல் 312. காலை 6:00

தலைமை முகாமுக்கும் ரோவருக்கும் நடுவில் புழுதிப் புயல். மீட்பு வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. இனி நாளை மதியத்துக்கு முன்னால் வராது.

கேபின் காற்று இன்று மாலை தீர்ந்துவிடும். ரேடியோவை எடுத்த ஜெபக்கனியிடம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒரு ஆளுன்னா காத்து எம்புட்டு நேரம் வரும்?"

"சூட்டுல உள்ளதையும் சேத்தா நாளைக்கு மதியம் தாண்டியும் வரும்" என்றேன். எதற்குக் கேட்கிறாள் என்று யோசிக்கவில்லை. மீரான் காக்கா தூங்குகிறார் என்றாள். எழுப்ப வேண்டாம் என்றும் சொன்னாள்.

தூரத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். 23.3. இன்னொரு முறை. 23.3.

சோல் 312. காலை 7:35

ஜெபக்கனி போய்விட்டாள். ஆறே காலுக்கு, கேபின் காற்றைக் காக்கும் இரட்டைக் கதவைத் திறந்திருக்கிறாள். ரேடியோவில் அவள் விட்டுச்சென்ற பதிவு இது:

"ஏட்டி மங்கை, ரெண்டு பேரும் இங்க கெடந்தா ரெண்டு பேரும் போயிருவோம். நான் வெளிய போனா காத்து காக்காவுக்குத் தங்கும். ஷெல்டர் பக்கமாத்தான் நடக்கேன். முடியுற வரைக்கும் நடப்பேன். ரேடியோவ அமத்துதேன், நீ பேசினா திரும்பிருவேன்."

காக்கா எழுந்ததும் கத்தினார். என்னைத்தான். "அவளை எப்படி விட்டே?" சூட்டை மாட்டிக்கொண்டு அவள் காலடித் தடத்தைப் பிடித்து அவரும் கிளம்பிவிட்டார்.

சோல் 312. காலை 8:35

ஒரு மணி நேரமாகப் பேசிப் பேசி அவரைத் திருப்பினேன்.

"காக்கா, நீங்களும் போனா அவ போனதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும். இருபத்து மூணு கிலோமீட்டர். யாராலயும் முடியாது. திரும்புங்க."

"ரெண்டு கிலோமீட்டர் வந்துட்டேன் மங்கை. மேடு நல்லாப் பக்கத்துல தெரியுது."

"கணக்கு தப்பாது காக்கா."

"சரி. திரும்பறேன்."

இரண்டு பேரில் ஒருவரையாவது காப்பாற்றியிருக்கிறேன். அழுகை வருகிறது. கனி இப்போது எங்கே நடந்துகொண்டிருப்பாள்?

சோல் 312. காலை 11:45

ரோவரின் கதவு ரப்பர் விட்டுப்போனது. கேபினில் அழுத்தம் நிற்கவில்லை. காக்கா சூட்டுக் காற்றுக்கு மாறிவிட்டார். காலையில் நடந்ததில் கொஞ்சம் செலவாகியிருக்கிறது. இன்னும் ஏறக்குறைய நாலே முக்கால் மணி நேரம்.

மீட்பு வண்டி நாளை மதியம்.

இதை அவரிடம் கூட்டிக் கழித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார்: "புரியுதும்மா. நீ லைன்ல இரு, அது போதும்."

சோல் 312. பிற்பகல் 12:25

ஜெபக்கனி பேசினாள். ஷெல்டர் நான்கின் ரேடியோவிலிருந்து!

"மங்கை! ஏட்டி, வந்து சேந்துட்டேன்! உசுரோட இருக்கேன்! காத்து இன்னும் முக்கா மணி நேரத்துக்குக் கெடக்கு. எப்பிடின்னு எனக்கே தெரியல. கர்த்தர்தான் தூக்கிட்டு வந்திருக்கணும். சூட்டு மீட்டரும் கெட்டுப்போச்சு போல, பன்னெண்டரை கிலோமீட்டர்தான் காட்டுது."

நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன். காக்காவிடம் சொன்னேன். அவர் அழுதார். "அல்ஹம்துலில்லாஹ். எப்படிம்மா போனா? இருபத்து மூணாச்சே?"

"பாத்துச் சொல்றேன் காக்கா."

பன்னிரண்டரை.

சோல் 312. பிற்பகல் 12:31

மீட்டர் கெடவில்லை.

ஸ்க்ரிப்டின் மேல்பகுதியில் ஒரு வரி இருக்கிறது. இந்தப் புள்ளிகள் எந்த உருண்டையின் மேல் இருக்கின்றன என்று மென்பொருளுக்குச் சொல்லும் வரி. அதில் பூமி என்று இருக்கிறது. ராமநாதபுரத்துக் கண்மாய்களுக்காக நான் எழுதியது. நான் மாற்றவில்லை. செவ்வாய் பூமியில் பாதியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதே டிகிரிக்கு இங்கே பாதிக்குச் சற்று மேலான தூரம்தான். மென்பொருள் நான் சொன்னதை நம்பி, எல்லாரும் பூமியில் நடப்பதாக எடுத்துக்கொண்டு, சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறது.

செவ்வாயில் ஒரு டிகிரி ஐம்பத்தொன்பது கிலோமீட்டர். பயிற்சியின் முதல் வாரமே சொல்லித்தந்தார்கள். ஒரே ஒரு தடவை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்திருந்தால் போதும்.

வரியை மாற்றி ஓட்டினேன். 12.4.

நேற்று மூன்று மணிக்கே இருவரும் நடந்து போயிருக்கலாம்.

சோல் 312. பிற்பகல் 12:50

சரிபார்ப்பு நடக்கிறது. ஷெல்டரின் இடக்குறிப்பிலேயே தவறு இருக்கக்கூடும். முகாம் கொடுத்த அட்டவணையைப் பழைய பதிப்போடு ஒப்பிடுகிறேன். உறுதியாகாத எண்ணைக் களத்துக்குச் சொல்வது முறையல்ல.

12:44, மீரான் காக்கா: "என்னம்மா, கணக்கு என்னாச்சு?"

நான்: "பாத்துக்கிட்டிருக்கேன் காக்கா. கொஞ்சம் இருங்க."

சோல் 312. பிற்பகல் 1:08

அட்டவணை சரி. இடக்குறிப்பு சரி. எப்போதும் சரியாகத்தான் இருந்தது.

எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தேடுகிறேன். "ஒரு திருத்தம்" என்று தொடங்கலாம். "மென்பொருளில் ஒரு பிழை" என்று தொடங்கலாம். காலையில் அவரைத் திருப்பிய குரலும் இதே குரல்தான். தண்ணீர் குடித்தேன்.

காக்கா லைனில் மெதுவாக ஏதோ ஓதிக்கொண்டிருக்கிறார். அவர் உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னதால் உட்கார்ந்திருக்கிறார்.

சோல் 312. பிற்பகல் 1:22

சொல்லிவிட்டேன்.

"காக்கா, என் கணக்கு தப்பு. ஷெல்டர் பன்னெண்டு புள்ளி நாலு கிலோமீட்டர்தான். எந்திரிங்க. நடங்க. கனியை சிலிண்டரோட எதிர்ல அனுப்பறேன்."

சூட்டின் மூட்டுகள் உரசும் ஒலி. எழுந்துவிட்டார்.

"பாதி வழியில சந்திக்கலாம்ங்கறே. சரி, கெளம்பிட்டேன்."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கனியிடமும் சொன்னேன். சிலிண்டர் நிரப்பப் போய்விட்டாள். நிரம்ப முக்கால் மணி நேரம் ஆகும்.

சோல் 312. பிற்பகல் 3:10

இருவரும் நடக்கிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு நேரடியாக எட்டாது. நடுவில் நான். இருவர் சூட்டு மீட்டரையும் கேட்டு வாங்கி 12.4-இலிருந்து கழித்துக்கொண்டே இருக்கிறேன்.

காக்காவுக்கு மூச்சு இரைக்கிறது. ஐம்பத்தாறு வயது. கனி ஓட்டமும் நடையுமாக வருகிறாள்.

கழித்தால் வரும் மிச்சத்தை அவருடைய காற்றோடு வைத்துப் பார்த்தேன். பிறகு பார்ப்பதை நிறுத்தினேன். பிறகு மறுபடி பார்த்தேன்.

சோல் 312. மாலை 4:20

"மங்கை, சிவப்பு விளக்கு எரியுது. காத்து கடைசிக்கு வந்துட்டு."

"நடங்க காக்கா."

"தூரத்துல ஒரு வெளிச்சம் ஆடுது. அது கனியா?"

"கனிதான்."

"இன்னும் எவ்வளவு இருக்கு? உள்ளதைச் சொல்லும்மா."

கிட்டத்தில்தான் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "ஒன்னே முக்கால் கிலோமீட்டர், காக்கா."

"இது சரியான கணக்கா?"

"சரியான கணக்கு."

கொஞ்ச நேரம் நடந்தார். காலடி கேட்டது. பிறகு நின்றது.

"அப்ப சரி. நான் இங்க உக்காந்துக்கறேன். அவளை ஓட வேண்டாம்னு சொல்லு, கீழ விழுந்துடுவா."

4:33-க்குப் பிறகு அவர் லைனில் எதுவும் இல்லை.

கனியிடம் ஓட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சோல் 312. மாலை 5:10

ஜெபக்கனி போய்ச் சேர்ந்தாள். சிலிண்டரை மாட்டினாளாம். மார்பை அழுத்தினாளாம். சூட்டுக்கு மேலே எப்படி அழுத்த முடியும்? அழுத்தினாளாம்.

"ஒரு பாறையில சாஞ்சு என்னையப் பாத்தபடியே இருந்தாருட்டி. ஒரு அரை மணி நேரம். அரை மணி நேரம் முன்னால வந்திருந்தாப் போதும்."

அவளே தொடர்ந்தாள்.

"நான் வந்து சேந்தேன்னு சொன்னப்பவே ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே? மீட்டர் பன்னெண்டரைன்னு சொன்னேனே?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலும் யோசித்து வைத்திருந்தேன். சரிபார்க்க நேரம் ஆனது என்ற பதில். அதைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் என் குரலே எனக்குக் கேட்டது.

"பன்னெண்டு முப்பத்தொண்ணுக்குத் தெரியும் கனி. வரியை மாத்தி ஓட்டிட்டேன். சரியான எண்ணும் வந்துடுச்சு. அதுக்கப்புறம் அம்பது நிமிஷம் சும்மா இருந்தேன்."

"எதுக்குட்டி?"

"வெக்கமா இருந்துச்சு."

அவள் சிலிண்டரைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"காக்காகிட்ட நீ வெக்கப்பட்டே" என்றாள். கேள்வியாக இல்லை. பிறகு, "நான் அவரை ஷெல்டருக்கு இழுத்துக்கிட்டுப் போறேன். இனிமே எனக்கு எம்புட்டு தூரம்னு சொல்லாதே. நடந்து பாத்துக்கிடுதேன்."

ரேடியோவை அமத்திவிட்டாள்.

சோல் 313. பிற்பகல் 2:20

மீட்பு வண்டி ஷெல்டர் நான்கை அடைந்தது. ஜெபக்கனி நலம். மீரான் காக்காவின் உடல் அவளோடு இருக்கிறது.

பனித் திட்டு, விரிசல் முடிவுகள் எல்லாவற்றையும் அழித்தேன். எல்லாம் பூமியில் அளந்தவை.

துரைக்கண்ணு சார் கூப்பிட்டார். என்மேல் இரக்கமாகத்தான் பேசினார்.

"மென்பொருள் கோளாறுன்னு எழுதிடலாம் மங்கை. அந்த நெருக்கடியில யாருக்கும் நடக்கும். தப்பைக் கண்டுபிடிச்ச உடனே நீ சொல்லிட்டே. அதுதான் முக்கியம்."

உடனே.

கனி அவரிடம் சொல்லவில்லை என்று புரிந்தது. என்மேல் உள்ள அன்பினால் என்று நினைக்க ஆசைப்பட்டேன். அப்படி இல்லை. சொல்ல வேண்டியவள் நான் என்று விட்டிருக்கிறாள்.

"சார்" என்றேன். அதற்குள் அவர், "பூமியிலேருந்து உனக்கு ஒரு செய்தி வந்திருக்கு, அனுப்பறேன். மனசைத் தேத்திக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி கூப்பிடலாம். பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கூப்பிடவில்லை.

சோல் 313. பிற்பகல் 3:05

செய்தி:

"மங்கை மாமிக்கு, நான் ஆமினா, மீரான் மகள். வாப்பா கடைசி வரைக்கும் உங்ககூடப் பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்கன்னு முகாம்லேருந்து சொன்னாங்க. தனியா இல்லைங்கறதே எங்களுக்குப் பெரிய ஆறுதல். உம்மாவும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. தப்பு தெரிஞ்ச உடனே சொல்லி அவங்களைக் காப்பாத்தப் பாத்தீங்களாம். உங்களுக்கு அல்லாஹ் நல்லது செய்வான்."

ஐந்து முறை கேட்டேன். பதினேழு, பதினெட்டு வயதுக் குரல்.

சோல் 313. பிற்பகல் 3:40

பதில் அனுப்ப வேண்டும். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் அழித்தேன். முதலாவதில் "உன் வாப்பா தைரியசாலி" என்று எழுதினேன். இரண்டாவதில் "என்னை மன்னித்துவிடு" என்று எழுதினேன். அது எதற்கென்றே சொல்லாமல் மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொள்ளப் பார்க்கும் வாக்கியம். மூன்றாவதில் சரிபார்ப்பு என்ற சொல் வந்தது.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து அந்த 12:50 பதிவை இன்னொரு முறை படியுங்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை நான் அவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறேன்.

சோல் 313. பிற்பகல் 4:33

பதிவு ஓடுகிறது. எழுதினால் திருத்திக்கொண்டே இருப்பேன், அதனால் பேசுகிறேன்.

ஆமினா. நான் மங்கை. உன் செய்தி வந்தது. நீ எனக்கு நன்றி சொல்லக் கூடாது. முகாமில் உன்னிடம் சொன்னது சரியில்லை. எனக்குத் தெரிந்தது பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு. உன் வாப்பா அப்போது லைனில்தான் இருந்தார். என்னாச்சும்மா என்று கேட்டார். நான் அவரிடம்

நான் அவரிடம் என்ன சொன்னேன் என்றால்